மடியில் இருந்த மாத்திரை அட்டை

மல்லசமுத்திரத்துச் சின்னண்ணனுக்கு இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. சேலத்துக்குப் புறப்படும்போதெல்லாம், "மகளைப் பாத்துட்டு வாரேன்" என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது மருந்துக்கடைக் கவரைத் தூக்கி எறிந்துவிட்டு, மாத்திரை அட்டைகளை மட்டும் வேட்டி மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவார். ஊரில் விஷயம் தெரிந்தவர் மனைவி பாப்பாயி ஒருவர்தான்.

"சின்னூடு வெச்சவராட்டம் எதுக்குங்க இப்புடிப் பதுங்கறீங்க? முட்டிவலிக்கு வைத்தியம் பாக்கறது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல புள்ள. உன்ற அண்ணன் பையன் காதுக்குப் போனா அவன் மனசு சங்கடப்படும்."

பாப்பாயியின் அண்ணன் மகன் வேல்முருகன்தான் முதல் டாக்டர். மல்லசமுத்திரத்தில் சந்தைக்குப் போகும் வழியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். சின்னண்ணனைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். வரிசையில் உட்கார விடமாட்டார். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அத்தை கையால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போவது, சொந்தக்காரர் வீட்டு விருந்தில் இலையை மூடிவிட்டு ஹோட்டலுக்குப் போவது மாதிரி என்று சின்னண்ணனுக்குத் தோன்றியது. அதனால்தான் ஒளிவு மறைவு.

முட்டி கெட்டதற்குக் காரணம் ரிக் வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கத்து இளவட்டங்கள் பலரையும் போல அவரும் போர்வெல் லாரியோடு மத்தியப்பிரதேசம், ஒரிசா என்று அலைந்தவர். பாறையில் குழாய் இறங்கும்போது உடம்பெல்லாம் அதிரும். அந்த அதிர்விலேயே வருடக்கணக்கில் நின்றார். வலி வந்தால் ரிக் வண்டியில் அதற்கொரு பழக்கம் உண்டு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் எல்லா வலி மாத்திரையும் கலந்து கிடக்கும். யாருக்கு எங்கே வலித்தாலும் கையை விட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒன்று கேட்கவில்லை என்றால் வேறு நிறத்தில் இன்னொன்று. மற்றவர்கள் அதன்மேல் சாராயமும் ஊற்றிக்கொள்வார்கள். சின்னண்ணன் சாராயத்தைத் தொட்டதில்லை. மாத்திரையைத் தொட்டிருக்கிறார்.

குடிக்காதவர், பேச்சு மாறாதவர் என்ற பெயரோடு ஊர் திரும்பி, மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவரை அவருடைய சாதிசனம் அருமைக்காரர் ஆக்கியது. அருமைக்காரர் என்றால் கல்யாணத்தில் சீர்களை முன்னின்று செய்துவைக்கும் பெரியவர். ஐயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் இல்லாமல் கல்யாணம் நடக்காது. கங்கணம் கட்டுவது அவர் கை. நெல் நிரப்பிய படியில் நூற்கதிரைச் செருகிய நிறைநாழியை எடுத்துக் கொடுப்பது அவர் கை. படித்து வாங்குகிற இடமல்ல அது. ஒழுக்கம் தவறாதவர் என்று சபை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னண்ணன் சொத்து என்று நினைத்ததே அந்த இடத்தைத்தான்.

சீர் செய்யச் சம்மணமிட்டு உட்கார வேண்டும். முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வேல்முருகன் பார்த்துவிட்டு மஞ்சள் நிறத்தில் நீளமான ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, தெரியாதவருக்குச் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னார்.

"மாமா, இது சும்மா காய்ச்சல் மாத்திரை இல்லீங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வயித்துல சோறு இருக்கோணும். தூக்கம் வரும், தலை சுத்தும். போட்டுட்டு மொபட் எடுக்காதீங்க. வலி நிக்கலீன்னா நீங்களாச் சேத்திப் போட்டுக்கக் கூடாது. என்னைக் கூப்புடுங்க, நடுச்சாமமா இருந்தாலும் சரி."

"சரி சாமி."

"கடைசீல ஆப்ரேசனுக்குத்தான் வருமுங்க. இப்பவே மனசுல போட்டு வையுங்க."

ஆபரேஷன் என்ற பேச்சு சின்னண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஆவணியில் தனப்பிரியாவின் கல்யாணம் வருகிறது. தனப்பிரியா, வேல்முருகனின் அக்கா சாரதாமணியின் மகள். தாத்தா முறையில் அப்புச்சி அப்புச்சி என்று சின்னண்ணன் மேல் உயிரை வைத்திருந்த பெண். "அப்புச்சி கங்கணம் கட்டாட்டி நான் மணவறைக்கே வர மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். காலை வெட்டித் தைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தால் கங்கணம் கட்டுவது யார்?

சேலத்தில் வாக்கப்பட்டிருந்த மகள் மஞ்சுளா, "ஒரு தடவை பெரிய டாக்டரைப் பாத்துரலாம்ப்பா" என்று நச்சரித்து அழைத்துப் போனாள். எலும்பு டாக்டர் முட்டியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இப்ப வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? வலிக்கோ, வேற எதுக்கோ?"

எளிய கேள்வி. ஆம் என்று சொன்னால் அடுத்து, யார் கொடுத்தது என்று கேட்பார். ஊர் டாக்டர் பெயரைச் சொன்னால் இந்தப் பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்குவாரோ என்னவோ. வேல்முருகனை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தச் சின்னண்ணனுக்கு மனம் வரவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். மல்லசமுத்திரத்து மாத்திரையை அப்பா நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த டாக்டர் இளஞ்சிவப்பில் உருண்டையாக ஒரு மாத்திரையும், படுக்கப் போகும்போது மட்டும் போட ஒரு கேப்சூலும் எழுதினார்.

மஞ்சள் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. நிறம் வேறு, வடிவம் வேறு, அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த பெயரும் வேறு. ஆகவே மருந்தும் வேறு என்று சின்னண்ணன் முடிவு கட்டினார். ஊர் மாத்திரை முட்டிக்கு, டவுன் மாத்திரை எலும்புக்கு, கேப்சூல் நரம்புக்கு. தொடக்கத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. ஒருநாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. பயம் போய்விட்டது.

கல்யாணம் திருச்செங்கோட்டில் ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். சீர் முடியும்வரை பச்சைத் தண்ணீருக்கு மேல் எதுவும் வாயில் வைப்பதில்லை என்பது சின்னண்ணன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அருமைக்காரர் ஆன நாளிலிருந்து அதை மீறியதில்லை. அன்றைக்கு நடுவில் வலி வந்துவிடக் கூடாது என்று, வெறும் வயிற்றில் மஞ்சளையும் இளஞ்சிவப்பையும் சேர்த்துப் போட்டார். இருக்கட்டும் என்று ராத்திரிக் கேப்சூலையும் விழுங்கினார். டவுன் அட்டையை மடியில் செருகிக்கொண்டார்.

மண்டபத்துக்கு வந்தபோது ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மணவறையில் சம்மணமிட்டார். வலி இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலியே இல்லை. தன் காலா இது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கங்கணத்தைக் கட்டினார். தனப்பிரியா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நாதஸ்வரச் சத்தம் எங்கோ தூரத்தில் போனது. முகமெல்லாம் வியர்த்தது. சொல்ல வேண்டிய பெயர் வாய்க்கு வரவில்லை. மாப்பிள்ளையின் பெயருக்குப் பதில் மாப்பிள்ளையுடைய அப்பாவின் பெயரைச் சொன்னார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் அதே பெயரைச் சொன்னார், நாக்கு தடித்து. நிறைநாழியை எடுக்க எழுந்து நின்றார். நின்றவர் ஒரு பக்கம் சாய்ந்தார். நிறைநாழி கைநழுவி விழுந்து, நெல் மணவறை முழுக்க, தனப்பிரியாவின் கூறைச்சேலை மேலெல்லாம் சிதறியது. சின்னண்ணன் அந்த நெல்லின் மேலேயே மண்டியிட்டு வாந்தி எடுத்தார்.

வெறும் தண்ணீர்தான் வந்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

"அருமைக்காரரு விடியறதுக்கு முன்னாலயே ஏத்தீட்டாருப்பா" என்றது மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் ஒரு குரல்.

"ரிக் வண்டிக்காரரில்ல. பழக்கம் உடுமா?"

போன்கள் உயர்ந்தன. சாரதாமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிதறிய நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். தாய்மாமன் சீருக்குத் தலையில் உருமாலை கட்டி நின்ற வேல்முருகன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, சின்னண்ணனைத் தோளில் சாய்த்து, முகத்தோடு முகம் வைத்து மோந்து பார்த்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"குடிக்கலீங்க! யாரும் வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. மாமா ஆயுசுக்கும் குடிச்சதில்ல. இது மருந்து மயக்கம்!"

சிரிப்பு நின்றது. நின்ற இடத்தில் வேறொன்று கிளம்பியது.

"மருந்தா? யாரு குடுத்த மருந்து?"

யார் கொடுத்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேல்முருகன் சின்னண்ணனின் காதோரம் குனிந்து, "மாமா, நான் குடுத்ததைத் தவுத்து வேற ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"நீ குடுத்ததுதான் சாமி" என்றார் சின்னண்ணன்.

இன்னொரு பெரியவர் சீரை முடித்துவைத்தார். சின்னண்ணனைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிற்பகலில் தலை தெளிந்தது. கட்டிலருகே ஒரு பெண் டாக்டர் வந்து, என்னென்ன மாத்திரை போட்டீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். கட்டிலின் அந்தப் பக்கம் உருமாலையைக்கூடக் கழற்றாமல் வேல்முருகன் நின்றுகொண்டிருந்தார். டவுன் அட்டை மடியில்தான் இருந்தது. அதன் முனை இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

"மஞ்சக் கலர் ஒண்ணுங்க. அது மட்டுந்தானுங்க."

காலையில் சொன்ன பொய்க்கு மயக்கத்தைச் சாட்டலாம். பிற்பகலில் சொன்னதற்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. நல்ல நினைவோடு, எதிரே நின்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேல்முருகன் தலையைக் குனிந்துகொண்டார். "டோஸ் ஜாஸ்தியாப் போச்சுங்களா மேடம்? வயசுக்கு நான் கொறச்சுக் குடுத்திருக்கோணுமா?" என்று அந்தப் பெண் டாக்டரிடம் அவர் கேட்டது, மாணவன் வாத்தியாரிடம் கேட்டது போல இருந்தது.

சின்னண்ணன் வீடு திரும்பினார். குடிகாரன் என்ற பழி அவரைவிட்டு இரண்டே நாளில் இறங்கிவிட்டது. வேல்முருகன் மேல் ஏறிக்கொண்டது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே பேசினார்கள். "சொந்த மாமனையே இப்புடிப் பண்ணிப்போட்டான் பாரு. நம்மளையெல்லாம் என்ன பண்ணுவான்?" அப்படி இல்லை என்று சொல்ல வாய் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சின்னண்ணன் வாயைத் திறக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. ஆட்டாமல் இருந்ததையே ஒரு நேர்மை என்று மனதுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டார்.

சாரதாமணி தம்பி வீட்டு வாசலில் நின்று, "நெல்லு சிந்துன கல்யாணம் என்ற புள்ளையோடதுடா. அது நல்லபடியாப் பொழைக்கோணுமேன்னு எனக்குச் சோறு எறங்கல" என்று அழுதுவிட்டுப் போனார். கிளினிக்கில் கூட்டம் கரைந்தது. வேல்முருகன் சின்னண்ணன் வீட்டுக்கு வருவதும் நின்றது, வெட்கம் அவருக்கு.

கல்யாணத்துக்கு வர முடியாமல் போன மஞ்சுளா போனில், "அந்தச் சேலத்து மாத்திரை ஒத்துக்கலியாப்பா? வேல்முருகன் மாமாகிட்டக் காட்டுனீங்களா?" என்று கேட்டாள். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாப்பாயி சோற்றைப் போட்டார், குழம்பை ஊற்றினார், நகர்ந்துவிட்டார். முன்பெல்லாம் எதிரே உட்கார்ந்து, உப்பு இருக்கிறதா உறைப்பு இருக்கிறதா என்று கேட்கிறவர். ஒருநாள் காபி டம்ளரை வைத்துவிட்டு நின்றார்.

"என்ற அண்ணன் பையனை ஊரே கூடி ஏசுது. நீங்க ஊட்டுக்குள்ள உக்காந்து ஆறவெச்சுக் காப்பி குடிக்கறீங்க."

"நீ வேண்ணாச் சொல்லு. நான் தடுக்கல."

"நான் எதுக்குச் சொல்லோணும்? நான் சொன்னா, பொண்டாட்டி காட்டிக் குடுத்துட்டா, பாவம் மனுசன்னு உங்களுக்குத்தான் பேரு வரும். அந்தப் பேரும் வேணுமா உங்களுக்கு?"

சின்னண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

அப்போதும் அவர் வேல்முருகனிடம் உண்மையைச் சொல்லப் போகவில்லை. போகவைத்தது பின்வீட்டு நல்லம்மாள்.

நல்லம்மாள் எண்பதைத் தாண்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டிருந்தது. இதயம் தாங்காது என்பதால் கத்தி வைக்கவில்லை. வேல்முருகன்தான் பார்த்துவந்தார். அந்த மஞ்சள் மாத்திரையிலேயே சிறிய அளவு எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டபோது நல்லம்மாள் புரண்டு படுத்தார், நாலு வாய் கஞ்சி குடித்தார், மருமகளை வைதார். கல்யாணச் சேதி வந்ததும் மகன் பயந்துபோய் மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டான். சின்னண்ணனையே சாய்த்த மருந்து கிழவியைத் தின்றுவிடாதா?

அதற்குப் பிறகு பிற்பகல் வேளைகளில் சுவரைத் தாண்டிச் சத்தம் வர ஆரம்பித்தது. துணி மாற்றும்போது கத்தல். மற்ற நேரமெல்லாம் முனகல். சின்னண்ணன் கொல்லைப் பக்கத்துக் கதவைச் சாத்தினார். ரேடியோவைப் போட்டார். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நல்லம்மாள் தெளிவாகச் சொன்னது கேட்டது. "ஏன்டா, ஒண்ணே ஒண்ணு குடுங்கடா. செத்தாலும் சாவறேன். வலியோட சாவ உடாதீங்கடா."

சின்னண்ணன் எழுந்து அலமாரியிலிருந்து இரண்டு அட்டைகளையும் கேப்சூல்களையும் எடுத்து ஒரு பையில் போட்டார். சட்டையை மாட்டினார். பாப்பாயி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாக் கூட்டிச் சொல்லீட்டு வந்தர்றேன்" என்றார் சின்னண்ணன்.

"அவன் காதுல மட்டும் ஓதீட்டு வந்தா ஊருக்குத் தெரியுமாக்கும்?"

சின்னண்ணன் வாசல் இறங்கினார். மொபட்டை எடுக்கவில்லை. நடந்தே போனார், ஒவ்வொரு அடிக்கும் முட்டி நொறுங்கியது. வலிக்கட்டும் என்றிருந்தது.

கிளினிக் வராந்தாவில் முன்பெல்லாம் நிற்க இடமிருக்காது. அன்றைக்கு மூன்று நாலு பேர்தான். டோக்கன் கொடுக்கும் மோனிஷா, "உள்ளே போங்க தாத்தா" என்றாள். "இருக்கட்டும் சாமி" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பால் ஊற்றுகிற கந்தம்மாள் வருவதற்காகக் காத்திருந்தார். தினமும் பொழுது சாயும் நேரத்தில் அந்த வழியாகக் கேனை எடுத்துக்கொண்டு கந்தம்மாள் வருவார். அவர் காதில் விழுந்த விஷயம் இருட்டுவதற்குள் ஊர் முழுக்க வீடு வீடாக ஊற்றப்பட்டுவிடும். தன் மானத்தை யாரிடம் கொடுத்தால் சரியாகப் பங்கிட்டுப் போடுவார்கள் என்று யோசித்து உட்கார வேண்டிய நிலைமை. சின்னண்ணனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கந்தம்மாள் வந்தார். "என்னங்க அருமைக்காரரே, மறுக்காவும் இங்கியே வந்துட்டீங்க? ஒரு தடவை சாஞ்சது பத்தாதா?"

"அதைச் சொல்லத்தானுங்க வந்தேன். செத்த நில்லுங்க" என்றார். எழுந்து நின்றார். குரல் கேட்டு வேல்முருகனும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

பேச வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்தார். சபையில் பேசிப் பழகியவர். ஆனால் வாயைத் திறந்ததும் அடுக்கு சரிந்துவிட்டது.

"இவன் மேல தப்பில்லீங்க. இவன் சொன்னபடி நான் போடல. உங்களுக்கெல்லாந் தெரியாம சேலத்துல இன்னொரு டாக்டர்கிட்டப் போனேன். அவுங்க கேட்டப்ப இல்லைன்னேன். இவன் கேட்டப்பவும் இல்லைன்னேன். அன்னைக்கு எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கீட்டு மணவறைல உக்காந்தேன். ஆஸ்பத்திரியில இது மடியிலதான் இருந்துச்சு." பையைத் திறந்து நீட்டினார். ஓர் அட்டை நழுவிக் கீழே விழுந்தது.

கந்தம்மாளின் கேன் தரையில் இறங்கியது.

வேல்முருகன் குனிந்து அட்டையை எடுத்தார். இரண்டையும் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். நீண்ட நேரம் படித்தார். பிறகு விரலால் காட்டினார்.

"ரெண்டும் ஒரே மருந்துதானுங்க மாமா. கம்பெனி வேற, கலர் வேற. உள்ள இருக்கறது ஒண்ணுதான். டபுளாப் போட்டு, அதுக்கு மேல தூக்கத்துக்கு இழுக்கற கேப்சூலையும் போட்டிருக்கீங்க. அதுவும் வெறும் வயித்துல."

"வேற வேறன்னு நெனச்சேன் சாமி."

"நெனைப்பீங்க. பேரு வேறயாத்தான் இருக்கும். அதுக்குத்தான் கேக்கறது." குரல் உயர்ந்தது. "வலிப்பு வந்திருக்கலாம். மூச்சு அடங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரியில அவுங்க என்னன்னு தெரியாம என்ன வைத்தியம் பண்ணுவாங்க? என்ற அத்தைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அன்னையிலிருந்து நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டனோ, தப்பாக் கணக்குப் போட்டுட்டனோன்னு யாருக்கும் கை தைரியமா ஒரு மருந்து எழுத முடியல எனக்கு."

வேல்முருகன் அட்டைகளைப் பையில் போட்டார்.

"சேலத்துக்குப் போனதுக்கு நான் கோவிச்சுக்குவேன்னா நெனச்சீங்க?"

"ஆமா சாமி."

"சங்கடப்பட்டிருப்பேன். ஒரு நா, ரெண்டு நா. அவ்வளவுதானுங்க மாமா. நானே லெட்டர் எழுதி அனுப்பியிருப்பேன்."

இவ்வளவுதானா என்று சின்னண்ணனுக்கு இருந்தது. ஒருவனுடைய ஒருநாள் சங்கடத்துக்குப் பயந்து, அவன் பெயரையே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியிருக்கிறார்.

கந்தம்மாள் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார். சின்னண்ணன் வேல்முருகனோடு நல்லம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே சேதி அங்கே போயிருந்தது. வேல்முருகன், நல்லம்மாளின் மகனை உட்காரவைத்து எத்தனை, எப்போது, என்ன ஆனால் கூப்பிட வேண்டும் என்று முதலிலிருந்து சொன்னார். வேறு யாரிடமாவது ஏதாவது மருந்து வாங்கிக் கொடுத்தார்களா என்று கேட்டார். பெட்டிக்கடை வலி மாத்திரை ஒன்றும் நாட்டு மருந்து ஒன்றும் வெளியே வந்தன. அவற்றை எடுத்துத் தனியே வைத்தார்.

கட்டிலில் கிடந்தபடியே நல்லம்மாள் சின்னண்ணனைப் பார்த்தார்.

"ஏன்டா சின்னண்ணா, நீ திருட்டுத்தனமாத் தின்னதுக்கு நான் எதுக்குடா இத்தன நாளு கத்தோணும்?"

"தப்புத்தானுங்க பெரியம்மா."

"தப்புன்னு சொன்னா வலிச்சது வலிக்காமப் போயிருமா?"

மறுநாள் பிற்பகல் சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. சாயங்காலம் நல்லம்மாள் மருமகளை வைகிற சத்தம் கேட்டது. பாப்பாயி சோற்றுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். உப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

அருமைக்காரர் இடம் திரும்பி வரவில்லை. யாரும் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணங்களுக்குப் பத்திரிகை மட்டும் வந்தது, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க யாரும் வரவில்லை. பொய் சொன்னவன் கையால் கங்கணம் கட்டிக்கொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அதில் அநியாயம் எதுவும் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை. தை மாதத்தில் தனப்பிரியாவும் மாப்பிள்ளையும் வந்து காலில் விழுந்தார்கள். "நெல்லுச் சிந்துனது என்ற சேலைலதான் அப்புச்சி, இன்னும் கொசுவத்துல ஒண்ணு ரெண்டு கெடக்குது" என்று சிரித்தாள். அவரால் கூடச் சிரிக்க முடியவில்லை.

முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சேலத்து டாக்டருக்கு வேல்முருகன் கைப்பட எழுதிய கடிதத்தைச் சின்னண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார். அதுவரைக்கும் அளவு பார்த்து மருந்து வாங்க மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருவார். இப்போது வரிசையில் உட்கார்ந்துதான் போகிறார். அவராகவே கேட்டுக்கொண்டது அது.

ஒருநாள் வராந்தா நிறைய ஆட்கள். புதிதாக ஓர் அம்மா, ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர், இடுப்புவலி என்று வந்திருந்தார். மோனிஷா வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டாள்.

"வேற டாக்டர்கிட்டப் பாத்தீங்களாம்மா? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றார் அந்த அம்மா. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மறைக்காமச் சொல்லீருங்கம்மா. அப்பறம் அருமைக்காரர் சின்னண்ணன் கதையாட்டம் ஆயிரும்." சொன்ன பிறகுதான் பெஞ்சின் ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. வராந்தாவில் தெரிந்தவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"அது யாரு கண்ணு சின்னண்ணன்?" என்று கேட்டார் அந்த அம்மா.

சின்னண்ணனுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். முட்டி அவ்வளவு சீக்கிரம் எழ விடாது.

"நான்தானுங்க" என்றார். அந்த அம்மாவின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பையில இருக்கறதை எல்லாம் எடுத்து மேசை மேல வெச்சிருங்க. வெக்கப்படாதீங்க. நான் பட்டது போதும்."